உன் கல்யாணத்துக்கு ரேடியோ செட் யார் போடுவது

கார்த்திகா, தாயி,

நேற்றுச் சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். அதனால் கடிதமாகச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள் என்கிற தோரணையில், நான் பேசுகிற மாதிரியே எழுதினால் கடிதத்துக்கு மரியாதை இல்லை என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள். ஆட்கள் பேசின பேச்சையாவது பேசினபடியே எழுது என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

நீ கேட்டது இதுதான். கல்யாணத்தன்று நான் பெண்ணைப் பெற்றவனாக மேடையில் நிற்க வேண்டும். அப்போது பாட்டுப் போடுகிற நம் ரேடியோ செட்டில் யார் உட்காருவது? மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குத் தெரிந்த ஒரு டிஜே கம்பெனியைக் கூட்டி வருகிறோம் என்கிறார்கள், சரி என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்கும் வயசாகுதுல்லப்பா" என்றாய். நியாயமான கேள்விதான். எழுபதைத் தொடப்போகிற, பெயரெழுதத் தெரியாமல் பெருவிரல் உருட்டுகிற ஒருவன், மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் கம்ப்யூட்டரை இயக்கிப் பாட்டுப் போடலாமா என்பது யாருக்கும் வருகிற சந்தேகம். அதிலும் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் நான் செய்த காரியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஊரும் மறக்கவில்லை. அதனால் முதலிலிருந்து வருகிறேன். பாதி உனக்குத் தெரிந்தது. மீதியில் ஒன்று, இன்றுவரை உனக்குத் தெரியாதது.

எனக்கு எழுத்து ஏறவில்லை, பாட்டு ஏறியது. ரிக்கார்டு காலத்தில் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளின் நிறத்தையும் ஓரத்தில் விழுந்த கீறலையும் பார்த்தே என்ன பாட்டு, எந்த வரியில் ஊசி துள்ளும் என்று சொல்லிவிடுவேன். கேசட் வந்தபோது உன் அம்மாவின் நகச்சாயத்தை எடுத்துப் புள்ளி வைத்தேன். கல்யாணத்துக்குச் சிவப்பு, கோயிலுக்குப் பச்சை, சடங்கு வீட்டுக்கு ரோஸ், கட்சிக் கூட்டத்துக்கு நீலம். சாவு விழுந்த துட்டி வீட்டுக் கேசட்டுக்குப் புள்ளியே கிடையாது. அவற்றைத் தனியாக ஒரு தகரப் பெட்டியில் போட்டிருப்பேன். கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் அந்தப் பெட்டியை ஏற்றவே மாட்டேன். நம் தொழிலில் இது எல்லாரும் காக்கிற வழக்கம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் கட்டுவது ஒரே குழாய் ஸ்பீக்கர்தான், ஆம்ப்ளிபயரும் ஒன்றுதான், ஆனால் பாட்டுப் பெட்டி இரண்டு. நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு மாறிப்போனதில்லை.

அப்புறம்தான் கேசட்டும் போய், எல்லாப் பாட்டும் கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. காளவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்வத்திடம் ஒரு பழைய பெட்டியை வாங்கினேன். என் அக்காள் மகன், நான் கூப்பிட்டால் தட்டமாட்டான். நீ அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். அந்தப் பெட்டியைப் பார்த்ததும், இதில் இருக்கிற சிஸ்டம் இதற்குப் பாரம், லினக்ஸ் போட்டால் துள்ளி ஓடும் என்றாய். அதைச் செய்தவர்கள் உள்ளே இருப்பதை மறைக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தனக்கு வேண்டியபடி மாற்றலாம், அதற்கு யாரிடமும் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம் என்று விளக்கினாய். சும்மா கொடுக்கிறான் என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கும் என்றேன். நீ சிரித்துவிட்டு ஒரு பாயை விரித்து, பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாய். அடுத்த இரண்டு மாதம் அந்தப் பாயைச் சுருட்டவே இல்லை.

நீ பட்ட பாட்டை நான் பார்க்காமல் இல்லை. பெட்டிக்குள் பாட்டு ஓடும், குழாய்களுக்குச் சத்தம் அனுப்புகிற மிக்சருக்கு அது வராது. பதினைந்து நாள் அதிலேயே போனது. ஒன்றைப் போடப் போனால் அதற்கு முன்னால் இன்னொன்று வேண்டும் என்றது. அந்த இன்னொன்றைப் போடப் போனால் அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. நான் டீயைக் குடித்துக்கொண்டே, "பந்தியில எலையப் போட்டுட்டு நெல்லு அரைக்கப் போறாளே ஓம் மக" என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். உன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் நீ அதற்குள் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தாய். எழுத்து இருக்கிற இடத்திலெல்லாம் எனக்காகப் படம் வைத்துக்கொண்டிருந்தாய். கல்யாணத்துக்கு மாலை, கோயிலுக்கு வேல், துட்டிக்குச் சங்கு. அது முடியவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. நீ பரீட்சை வேலையாகக் கோயம்புத்தூருக்குப் பத்து நாள் போனாய்.

நீ போன மூன்றாம் நாள் செல்வத்தைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் படிக்கிற புள்ளைக வெளையாடிப் பாக்குறது மாமா. தொழிலுக்கு ஆகாது. அரை மணி நேரம் குடுங்க" என்றான். பிறகு ஒரு இடத்தில் கையை நிறுத்தி, இதில் ஏற்கெனவே இருப்பதை அழித்தால்தான் புதுசைப் போட முடியும், கார்த்திகாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டான். "நீ அழி மாப்ள, நான் சொல்லிக்கிறேன்" என்றேன். நீ திரும்பி வந்தபோது, செல்வம் தெரியாமல் அழித்துவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய், தாயி. அவன் கேட்டான், நான்தான் அழிக்கச் சொன்னேன். பழியை அவன் தலையில் போட்டேன், அவனும் எனக்காக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். இதை எழுதுகிறபோது உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும். சரி, எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அன்றைக்குக் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "எல்லாமேவாப்பா?" என்று மட்டும் கேட்டாய். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாய். நானும் வீராப்பாகத்தான் இருந்தேன். ஏனென்றால் செல்வம் போட்டது நன்றாக ஓடியது. அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். அரை மணி நேரம் என்றான், அரை மணி நேரத்தில் நாலு குழாயிலும் பாட்டு வந்தது. புதிதாக எது வேண்டுமென்றாலும் அமுக்கு, அமுக்கு, சரி, முடிந்தது. பாட்டுப் போடுவதற்கென்றே அவன் ஏற்றிக் கொடுத்த ஒன்று, பெட்டியில் எந்த மூலையில் பாட்டு இருந்தாலும் தானாகவே பொறுக்கி எடுத்து, அகர வரிசையில் அடுக்கிக் காட்டும். படித்தவனுக்கு அது பெரிய வசதி. எனக்கு அந்த வரிகள் எல்லாமே எறும்புச் சாரிதான். ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறதே. மேலிருந்து எத்தனையாவது வரி என்று எண்ணி மனதில் போட்டுக்கொண்டேன். ஏழாவது வரி கெட்டிமேளம். மூன்று மாதம் ஒரு பிசகும் இல்லை.

திருமங்கலத்தில் விதைக்கடை வைத்திருக்கும் ராமையாவின் மூத்த மகள் கல்யாணம். அதற்கு முந்தின நாள் அனுப்பானடியில் ஒரு துட்டி வீட்டுக்குச் செட் போட்டிருந்தேன். அதற்காகச் செல்வத்திடம் ஒப்பாரிப் பாட்டு கொஞ்சம் புதிதாக ஏற்றி வாங்கியிருந்தேன். அந்தப் பாட்டையும் பெட்டி தானாகவே பொறுக்கி, தானாகவே வரிசையில் சேர்த்துக்கொண்டது. நான் தூக்கத்தில்கூடச் செய்யாத காரியம், கெட்டதை நல்லதோடு கலக்கிற காரியம், என்னைக் கேட்காமலே அதற்குள் நடந்து முடிந்திருந்தது. அவை மேலே புகுந்துகொண்டதில் என் ஏழாவது வரி கீழே இறங்கிப் போயிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஐயர் கையைத் தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நான் எண்ணி ஏழாவது வரியை அமுக்கினேன். நாலு குழாயிலும் சங்கு ஊதியது. பின்னாலேயே சேகண்டி, அதன் பின்னால் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற குரல். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நிறுத்துவதற்கான இடத்தைத் தேடினேன், கண்ணில் படவில்லை. கடைசியில் வயரைப் பிடுங்கினேன். அதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதே. மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. மேளமே இல்லாமல், அந்தப் பெண் அழுதுகொண்டே தலை குனிந்து தாலியை வாங்கிக்கொண்டாள். ராமையா என்னைத் திட்டவில்லை. கிட்டே வந்து, "எடுத்துட்டுப் போயிருங்கண்ணே" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் நான் வாசலைத் தாண்டவில்லை. குழாய்களை விற்றுவிடச் சொன்னேன். கூட ஒரு படித்த ஆளை வைத்துக்கொண்டு நீங்கள் மேற்பார்வை மட்டும் பாருங்கள் என்று பலரும் சொன்னார்கள். செட்டில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து, இந்த நேரத்துக்கு இந்தப் பாட்டு என்று கை போவதுதான் என் தொழில். அதை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதற்கு நான் என்ன தலைமை விருந்தினரா? கையில் அது இல்லையென்றால் நான் இல்லை. அந்த இரண்டு மாதமும் அப்படித்தான் இருந்தேன்.

நீ மறுபடி பாயை விரித்தாய். நான் சொன்னேனே கேட்டீர்களா என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. எந்த இடத்தில் தப்பியது, அப்படியே செய்து காட்டுங்கள் என்றாய். பழைய கேசட்டுகளை இறக்கச் சொன்னாய். நான் அவற்றை எப்படி எடுப்பேன், எப்படி வைப்பேன் என்று ஒரு முழுக் காலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். தகரப் பெட்டியை ஏன் தனியாக வைக்கிறேன் என்று நான் சொன்னபோது உன் முகம் மாறியது. "நான் மொதல்ல செஞ்சதும் தப்புதாம்ப்பா. எழுத்துக்குப் பதிலா படம் வச்சேன். ஆனா ரெண்டு பொட்டிய ஒரே பொட்டியாக்கிட்டேன்" என்றாய். அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நான் அழித்த வேலையிலும் தப்பு இருந்தது என்று நீயாகவே சொன்னாய். எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை என்று உன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

நீ செய்து முடித்ததை என் முன்னால் வைத்தாய். திரையில் ஓர் எழுத்துக்கூட இல்லை. நான் புள்ளி வைத்த அதே நாலு நிறம், நாலு கட்டமாக. எந்தப் பாட்டைத் தொட்டாலும் முதலில் காதில் மாட்டுகிற ஹெட்போனில் இரண்டு வரி கேட்கும். நான் மறுபடி தொட்டால்தான் குழாய்க்குப் போகும். கல்யாணப் பாட்டு சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவில். துட்டிப் பாட்டு பெட்டிக்குள்ளேயே கிடையாது, கறுப்பு நூல் கட்டிய பென்டிரைவில் மட்டும். அதைச் செருகினால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், மற்ற நிறம் எதுவும் வராது. வீட்டில் வைத்துவிட்டுப் போனால் உலகத்தில் அந்தப் பாட்டே இல்லை. இதைச் செல்வம் போட்டதிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டேன். "அது வாடகை வீடுப்பா. நல்ல வீடுதான். சாவிய வாங்குன அன்னைக்கே குடியேறலாம், தண்ணி, கரண்டு எல்லாம் இருக்கும். ஆனா செவுத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டாங்க. இது நம்ம மனை. செங்கல்ல நாமதான் சொமக்கணும். ஆனா வாசல எந்தப் பக்கம் வேணும்னாலும் வச்சுக்கலாம்" என்றாய்.

எனக்குப் புரிந்தது. புரிந்த உடனேயே ஒரு பயமும் வந்தது. உனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்திருந்தது, ஒரு மாதத்தில் போகப் போகிறாய். செல்வம் போட்டது படுத்தால் எந்தக் கடைக்காரனும் அரை மணி நேரத்தில் எழுப்பிவிடுவான். நீ கட்டியது படுத்தால் யார் எழுப்புவார்கள்? அன்றைக்கு உன்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். "நீ இருந்தாத்தான் ஓடும்னா அது ஓஞ் செட்டு தாயி. எஞ் செட்டு இல்ல." நீ முகம் சுளித்தாய். செல்வம் மச்சான் மாதிரி அரை மணி நேரத்தில் போட வேண்டும் என்கிறீர்களா என்றாய். "அவனும் வேணாம். நானே போடணும்" என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மஞ்சள் நூல் கட்டிய ஒரு பென்டிரைவை என் உள்ளங்கையில் வைத்தாய். அதற்குள் மொத்தச் செட்டும் இருந்தது, உன் குரலும் இருந்தது. எந்தப் பெட்டியில் செருகினாலும் அதுவே பேசி எனக்கு வழி காட்டும். அது எழும்புவதற்கு முன்னால் வருகிற இரண்டே இடத்தில் மட்டும் உன் குரலால் நுழைய முடியவில்லை. அதற்கு நீ எனக்குப் பாடம் வைத்தாய். பெட்டியைத் திறக்கும்போது தொடர்ந்து தட்ட வேண்டிய விசைகள் நாலு, ஒன்று இல்லாவிட்டால் அடுத்தது. அப்புறம் வருகிற வரிகளில், லாடம் மாதிரி ஓர் இங்கிலீஷ் எழுத்தில், யு என்பாயே, அதில் தொடங்குகிற வரியில் நின்று அமுக்க வேண்டும். அந்த லாடத்தை எத்தனை தடவை என்னைத் தேட வைத்தாய். மெட்ராஸ் பஸ் ஏறுகிற அன்றைக்குக்கூட ஒரு தடவை செய்ய வைத்துவிட்டுத்தான் பையைத் தூக்கினாய்.

இனி நீ பார்க்காதது. போனில் நான் அரைகுறையாகச் சொன்னது. போன தை மாதம் ராமையா வீட்டுக்கு வந்தார். அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம், செட்டு நான்தான் போட வேண்டும் என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். வேண்டாம் ராமையா, ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர் சொன்னதைக் கேள். "வேற ஆளப் போட்டா, அன்னைக்கு நடந்தது அபசகுனம்னு ஆயிரும்ண்ணே. மூத்தவ தலைவலின்னாக்கூட அதத்தான் சொல்லுதாக. நீங்களே வந்து ஒழுங்காப் போட்டுட்டா, அது வெறும் கைத்தப்புன்னு ஆயிரும். எனக்கு அதுதான் வேணும்." அந்த மூத்த பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், கையில் ஒரு குழந்தையும் இருக்கிறது. இருந்தும் மூன்று வருஷமாக அவள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட என் சங்கைத்தான் இழுத்திருக்கிறார்கள். நான் அழித்தது உன் வேலையை மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வாரேன் என்று சொன்னேன்.

அதே மண்டபம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். எட்டு மணிக்குக் கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள், மாற்றிய வேகத்தில் என் பெட்டிக்குள் ஒரு சத்தம், கருகிய வாடை, திரை செத்துவிட்டது. உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பாய். செல்வத்துக்குப் போட்டேன். வேறு பெட்டியோடு கிளம்புகிறேன் மாமா, பைபாஸில் வந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகும், அப்புறம் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்றான். கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. ராமையா வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டே என் பக்கம் பார்க்கிறார், பாட்டுச் சத்தம் ஏன் நின்றது என்று. நான் மண்டப மேனேஜரின் அறைக்குள் போய், உங்கள் லேப்டாப்பை ஒன்றரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த மனுஷன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மண்டப புக்கிங் பூராம் இதுலதாங்க இருக்கு. ஒண்ணு அழிஞ்சாலும் எம் பொழப்பு போச்சு" என்றார். "ஒண்ணையும் தொடமாட்டேன். எம் மக மேல சத்தியம்" என்றேன். உன்னைக் கேட்காமல் உன் மேல் சத்தியம் செய்தது இன்னொரு தப்பு, அதையும் சேர்த்துக்கொள்.

மஞ்சள் நூலைச் செருகினேன். முதல் விசைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அணைத்துவிட்டு இரண்டாவது, அதற்கும் இல்லை. மூன்றாவதில் வரிகள் வந்தன. லாடத்தைத் தேடினேன், கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. அமுக்கினேன். திரை கறுத்தது, வெளுத்தது, பிறகு உன் குரல் வந்தது. "அப்பா, நாந்தான். பதறாம ஒக்காருங்க." மேனேஜர் வாசலைத் திரும்பிப் பார்த்தார், யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து. அப்புறம் நீ ஒரு கேள்வி கேட்டாய். பழகும்போது எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான், அன்றைக்குத்தான் எனக்கு அதன் கனம் தெரிந்தது. "இந்தப் பொட்டியில ஏற்கனவே யாரோ வச்சது இருக்குப்பா. அத அழிச்சுட்டு நம்மத நெரந்தரமாப் போடணும்னா ரெண்டு தடவ அமுக்குங்க. அழிக்க வேணாம், இன்னைக்கு மட்டும் ஓடுனாப் போதும்னா, ஒண்ணும் செய்யாதீக. சும்மா இருங்க." நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மேனேஜர் என் கையைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார். என் மூச்சை நானே எண்ணினேன். "சரிப்பா, எதையும் தொடல. கலரு வந்துச்சா?" என்றாய். நாலு நிறமும் வந்தன.

மிக்சர் வயரைச் செருகியதும் முதல் தொடுதலிலேயே சத்தம் வந்தது. நீ பதினைந்து நாள் மல்லுக்கட்டிய அதே சத்தம், தாயி. எட்டே முக்காலுக்கு நாலு குழாயிலும் பிள்ளையார் பாட்டு. சிவப்பு நூலைச் செருகி, கெட்டிமேளத்தை ஹெட்போனில் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்தேன். கறுப்பு நூல் வண்டியூரில் நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று நினைக்கும்போதே ஒரு தெம்பு. ஒன்பதரை தாண்டியது. ஐயர் கையைத் தூக்கினார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மேடையில் ராமையா மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் பாதிப் பேர் என்னைத்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தொட்டேன். தவிலும் நாதசுரமுமாக, கூரைத் தகடு அதிர, அது இறங்கியது. அரிசி பறந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அந்த மூத்த பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. குனிந்து என் காதில், "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க பெரியப்பா" என்றாள். கூட்டினேன். குழாய் தாங்குகிற மட்டும் கூட்டினேன்.

செல்வம் பைபாஸ் நெரிசலில் மாட்டி, வேர்த்து விறுவிறுத்து ஒரு பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மேனேஜர் தன் லேப்டாப்பைத் திறந்து, புக்கிங் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். செல்வம் கொண்டுவந்த பெட்டியில் அன்று மத்தியானமே நான் உன் குரல் கேட்டபடி, இந்தத் தடவை இரண்டு தடவை அமுக்கி, நிரந்தரமாகப் போட்டேன். இருபத்தைந்து நிமிஷம் என்று அவன்தான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான். "என் அரை மணி நேரத்தயும் ஒடச்சுட்டீங்களே மாமா" என்றான். இன்றைக்கு அந்த மஞ்சள் நூல் நம் பக்கத்துச் செட்டுக்காரர்கள் பதினோரு பேர் கையில் இருக்கிறது. அதில் ஆறு பேர் என்னைப் போலப் பெருவிரல்காரர்கள். கொண்டு போய்ப் போடுவது செல்வம்தான். மேலூர்ப் பக்கம் ஒருவர் மாதா கோயில் பாட்டுக்கு வெள்ளை நிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உன்னைத் தொந்தரவு செய்யாமல் செல்வமே உள்ளே புகுந்து பார்த்து ஐந்தாவது கட்டத்தைக் கட்டிக் கொடுத்தான். படிக்கிற பிள்ளைகள் விளையாடுவது என்று சொன்னவன் இப்போது கடையைச் சாத்திவிட்டு அதிலேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து சண்டை பிடிக்கிறாள்.

கல்யாணப் பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம், உன் அம்மா சொல்கிறாள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதையும் தப்புச் செய்துதான் கற்றேன். உன் புருஷன் ஏதாவது ஒன்றை அரைகுறையாகச் செய்து வீட்டை அடைத்து வைத்திருந்தால் திட்டு, சண்டை போடு, நெல் அரைக்கப் போனாயா என்று கேலிகூடச் செய். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து ஆள் விட்டு அழிக்காதே. அப்படியே அழித்துவிட்டால், அழித்தது நான் என்று அன்றைக்கே சொல்லிவிடு. இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிவது கஷ்டம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டிஜே கம்பெனி சாயங்கால வரவேற்புக்கு வரட்டும். ஆடுகிறவர்கள் ஆடட்டும், நானும் நாற்காலி போட்டுக் கேட்கிறேன். காலை முகூர்த்தம் என்னுடையது. நான் மேடையில் நிற்கிறபோது செட்டில் செல்வம் உட்காருவான், ஆனால் கெட்டிமேளத்துக்கு அவன் கை கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டான். உன் ஆபீஸில் தூரத்தில் நின்றுகொண்டே திரையில் படம் மாற்றுவதற்கு உள்ளங்கையில் ஏதோ சின்னதாக ஒன்றை வைத்து அமுக்குகிறார்களாமே, அந்த மாதிரி ஒன்றை என் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில் செய்து அனுப்பு. அதில் ஒரே ஒரு பொத்தான் வேலை செய்தால் போதும், மற்றவற்றின் வாயை அடைத்துவிடு. செய்ய முடியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாசல் வைக்கலாம் என்று சொன்னவள் நீ. ஐயர் கையைத் தூக்கும்போது என் வலது கை பையில் இருக்கும். இடது கை உன் அம்மாவின் பக்கத்தில் இருக்கும். நீ தலை குனிகிற அந்த நொடிக்கு மேளம் உன் அப்பன் கையிலிருந்துதான் வரும். அதைப் பழகிப் பார்க்க எனக்குப் பத்து நாள் வேண்டும், சீக்கிரம் அனுப்பு.